நாய்க்கு எதுக்கு டியூஷன்?

"நாய்க்கு டியூஷனா? நல்லா இருக்கே கதை!"

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய்ப் பயிற்சி வகுப்பு பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழுவது இந்த வசனம்தான். அதிலும் குழு வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். ஏழெட்டு நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் ஒரே இடத்தில் நிறுத்தி, வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பார்கள். "அத்தனை நாய்க்கு நடுவுல என் நாய் என்னத்தக் கத்துக்கும்? அதுக்கு இவ்ளோ ஃபீஸா?" என்று அடுத்த கேள்வி வரும்.

கேட்பவர் ஒன்றும் கஞ்சர் அல்லர். லாப்ரடார் குட்டிக்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கொடுத்தவர். மூட்டை மூட்டையாகப் பாக்கெட் தீனி வாங்குகிறவர். நாய்க்கென்று மெத்தை, நாய்க்கென்று ஷாம்பு, ராத்திரியில் ஏசி, பிறந்த நாளுக்குத் தொப்பி வைத்துக் கேக். இதிலெல்லாம் வராத கணக்கு, பயிற்சி என்றதும் மட்டும் பைசா சுத்தமாக வந்துவிடுகிறது. குதிரை வாங்கினவன் கடிவாளத்துக்குக் கணக்குப் பார்த்த மாதிரி.

இத்தனைக்கும் அவர் கேட்கும் கேள்வி தப்பில்லை. காசு கொடுக்கிறவர் கேட்கத்தான் வேண்டும். கணக்குப் போடுகிற விதம்தான் தப்பு. ஃபீஸ் கட்டினால் நாய் ஷேக்ஹேண்ட் கொடுக்கும், சல்யூட் அடிக்கும், உருளும் என்று எதிர்பார்க்கிறார். அதற்குத்தான் என்றால் குழு வகுப்பு சுத்த வேஸ்ட். அரை பாக்கெட் மாரி பிஸ்கட்டும் பொறுமையும் இருந்தால் அதையெல்லாம் ஹாலிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். குழு வகுப்பு விற்கும் சரக்கே வேறு.

அது என்ன சரக்கு என்பது, இந்தக் கூட்டத்தின் பிடித்தமான வாதத்தை எடுத்துப் பார்த்தாலே புரிந்துவிடும்.

"எங்க தாத்தா வீட்டு நாய் எந்த கிளாஸுக்குப் போச்சு?"

போகவில்லைதான். ஆனால் தாத்தா வீட்டு நாய் எங்கே வளர்ந்தது? தெருவில் பிறந்து, கூடப் பிறந்தவற்றோடு உருண்டு, மாடு, கோழி, சைக்கிள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், தபால்காரர், திருவிழா மேளம், வேட்டுச் சத்தம் எல்லாவற்றையும் கண்ணைத் திறந்த நாளிலிருந்தே பார்த்து வளர்ந்தது. விளையாட்டில் கொஞ்சம் அழுத்திக் கடித்தால் கூடப் பிறந்த குட்டி 'வீல்' என்று கத்திவிட்டு ஆட்டத்தை விட்டே போய்விடும். தாயிடம் வம்பு செய்தால் ஓர் உறுமல் கிடைக்கும். எவ்வளவு கடிக்கலாம், எவரிடம் விலகிப் போக வேண்டும், எதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை என்று ஆறு மாதத்தில் பாடம் முடிந்துவிடும். வகுப்பு நடந்தது, ஃபீஸ்தான் இல்லை. (அந்த நாய்களும் கடிக்கத்தான் செய்தன, வெறிநாய்க்கடியில் ஆட்கள் செத்தார்கள் என்பதைத் தாத்தா கதை சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். அது வேறு விஷயம்.)

இப்போது பன்னிரண்டாவது மாடியில் வளரும் நாயைப் பாருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. அதை மதித்து விற்றாலே தாயையும் கூடப் பிறந்தவற்றையும் எட்டு வாரத்தில் பிரிந்துவிடுகிறது. மதிக்காதவர்களிடம் வாங்கினால் இன்னும் முன்பே. அப்புறம் அதன் உலகம் நான்கு மனிதர்கள், ஒரு சோபா, ஒரு டிவி. தடுப்பூசி எல்லாம் முடியட்டும் என்று கீழே இறக்குவதே இல்லை. நான்காவது மாதம் ஒரு நாள் திடீரென்று கயிற்றைக் கட்டிக் கீழே கொண்டுபோனால் ஆட்டோ ஹாரன், கிரிக்கெட் பந்து, ஓடுகிற குழந்தை, ஹெல்மெட் போட்ட ஆள், இன்னொரு நாய்... எல்லாமே வேற்றுக் கிரகம். பயந்த நாய் குரைக்கும். குரைத்தால் எதிரே இருப்பவர் விலகுவார். 'அட, குரைத்தால் வேலை நடக்கிறதே' என்று நாய் கற்றுக்கொள்ளும். வகுப்புக்கே போகாத நாய் எதையும் கற்காது என்று யார் சொன்னது? இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறது!

இது யாரோ தோன்றியதைச் சொன்ன கதை இல்லை. அமெரிக்காவின் பார் ஹார்பரில் நாய்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்து ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965-ல் வெளியிட்ட புத்தகம், குட்டிகள் மற்ற உயிர்களோடு பழகக் கற்கும் பருவம் சுமார் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரத்தையொட்டி முடிகிறது என்றது. எட்டாவது வாரத்தில் வீட்டுக்கு வரும் குட்டிக்கு மிச்சம் இருப்பது ஏறக்குறைய நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தையும்தான் கதவைச் சாத்தி வைத்துக் கழிக்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கம் 2008-லேயே ஓர் அறிக்கை விட்டது. எல்லாத் தடுப்பூசியும் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் ஊசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து ஏழு நாள் கழிந்தால், ஏழெட்டு வாரக் குட்டியையே சுத்தமான இடத்தில் நடக்கும் வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்றது.

'சுத்தமான இடத்தில்' என்பதில்தான் நம்மூரில் உஷார் வேண்டும். பார்வோ வைரஸ் குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடக்கூடியது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். யார் யாரோ நாயைக் கழிக்கவிட்டுப் போகும் மைதானத்தில் பத்து வாரக் குட்டியை இறக்கச் சொல்லும் பயிற்சியாளரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. கழுவித் துடைத்த மொட்டை மாடியோ கூடமோ போதும். நுழையும்போதே தடுப்பூசி அட்டையைக் கேட்கிறாரா என்பது முதல் சோதனை.

ஆக, குழு வகுப்பில் விற்பது தாத்தா வீட்டுத் தெருவை. கிராமம் இலவசமாகக் கொடுத்ததை நகரத்தில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. தண்ணீரையே கேனில் வாங்குகிற ஊரில் இதற்கு மட்டும் அதிர்ச்சி அடைவானேன்?

"அதுக்குத்தான் வீட்டுக்கே ஆள் வர்றாரே!" என்பது அடுத்த வாதம். நம் நகரங்களில் நன்றாக விற்கும் சரக்கும் இதுதான். பயிற்சியாளர் வீட்டுக்கு வருவார். கயிற்றை வாங்கிக்கொண்டு நாயைக் கீழே கூட்டிப்போவார். அரை மணியோ முக்கால் மணியோ கழித்துக் கொண்டுவந்து விடுவார். வீட்டுக்காரர் பால்கனியில் காபி குடித்தபடி மேலிருந்து பார்ப்பார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ஹாலில் செயல்விளக்கம் நடக்கும். 'சிட்' என்றால் உட்காரும். 'ஸ்டே' என்றால் நிற்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். மறுவாரத்திலிருந்து நாய் பழையபடி வீட்டம்மாவைத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போகும்.

ஏன்? நாய் கற்றது பயிற்சியாளரின் கையை, அவர் குரலை, அவர் பையிலிருக்கும் பிஸ்கட்டை. வீட்டில் யாரும் எதையும் கற்கவில்லை. அந்த வீட்டில் தாத்தா 'உக்காரு' என்பார், அம்மா 'சிட்' என்பார், பையன் 'டவுன்' என்பான். மூன்றும் ஒன்றுதான் என்று நாய்க்கு யார் சொன்னது? 'சிட்... சிட்... ஏய் சிட்டுங்கறேன்ல' என்று ஐந்து தடவை சொல்லி, அது உட்கார்ந்து எழுந்த பிறகு பிஸ்கட்டைக் கொடுத்தால், எழுந்ததற்குத்தான் பிஸ்கட் என்று நாய் நினைக்கும். தப்பு நாயிடம் இல்லை. இந்தத் தப்பைப் பார்த்துத் திருத்த, வளர்ப்பவரின் கையைப் பார்க்கிற ஆள் வேண்டும். வீடியோவைப் பார்த்துக் கற்கலாம் என்பவர்களுக்கும் இதுதான் பதில். வீடியோவை நாம் பார்க்கலாம். வீடியோ நம்மைப் பார்க்காது.

தினமும் வந்து சொல்லிக்கொடுத்தால்தான் படியும் என்பதும் வியாபாரப் பேச்சு. 2011-ல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்றில், பீகிள் நாய்களை ஒரு சாராருக்குத் தினமும், இன்னொரு சாராருக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் என்று பிரித்துப் பழக்கினார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பழகியவைதான் குறைந்த அமர்வுகளில் கற்றன. ஓர் அமர்வுக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? வார வகுப்பு என்பது சோம்பேறித்தனம் இல்லை, சிக்கனம்.

இனி ரூபாய்க் கணக்குக்கு வரலாம். ஊருக்கு ஊர் விலை மாறும். ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வருபவருக்கு மாதம் 6,000 வீதம் மூன்று மாதம், 18,000 ரூபாய். குழு வகுப்பு ஒன்றுக்கு 800 வீதம் எட்டு வகுப்பு, 6,400 ரூபாய். இடத்தின் வாடகையும் பயிற்சியாளரின் நேரமும் எட்டுப் பேருக்குப் பங்காகிறது, அதனால் மலிவு. இந்த 6,400-ஐ நாய் வாழப்போகும் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 640. மாதத்துக்கு 53 ரூபாய் சொச்சம். நல்ல ஓட்டலில் இரண்டு பேர் காபி குடித்தால் இதைவிட அதிகம்.

ஆனால் உண்மையான விலை இந்த 53 ரூபாய் இல்லை. எட்டு ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் தினம் ஐந்து நிமிடம். சோறு வைக்கும் முன் உட்காரச் சொல்வது, லிப்ட் கதவு திறக்கும்போது நிற்கச் சொல்வது, அழைப்பு மணி அடித்தால் பாயில் போய் இருக்கச் சொல்வது. பொருளாதாரப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று படிக்கிறார்களே, அது இதுதான். இதைக் கொடுக்க முடியாதவர் ஃபீஸ் கட்டவே வேண்டாம், பணம் தண்டம். இன்னும் சொல்லப்போனால் நாயே வாங்க வேண்டாம்.

சரி, இவ்வளவு மலிவு என்றால் ஏன் எல்லோரும் போவதில்லை? வகுப்புக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், அதன் பலனை அனுபவிப்பவர் இன்னொருவர் என்பதால்தான். கோபம் வர வேண்டிய இடமும் இதுதான்.

நாய் கட்டுக்கடங்காமல் போனால் யார் அடிபடுகிறார்கள் என்று பாருங்கள். 2023 ஜனவரியில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில், ஒரு வீட்டுக்கு உணவு கொண்டுபோன 23 வயது இளைஞர், அந்த வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட் பாய்ந்து வரப் பயந்து ஓடி, மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். சோறு கொண்டுவந்தவர், காவல் காப்பவரின் பிள்ளை. பெரும்பாலும் இப்படித்தான். மணி அடித்துவிட்டு வாசலில் நிற்பவர்கள், பாத்திரம் தேய்க்க வருபவர்கள், குப்பை எடுக்க வருபவர்கள். இவர்களுக்கு நாயிடம் 'ஒண்ணும் பண்ணாது, வாங்க' என்று மேலேயிருந்து கேட்கும் குரல்தான் பாதுகாப்பு. இந்தச் செலவு நாய் வளர்ப்பவரின் பேரேட்டில் எங்கும் ஏறுவதில்லை. அதனால்தான் அவருக்கு 6,400 ரூபாய் அதிகமாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் நாயின் கயிற்றைப் பிடித்து நடப்பவரே வீட்டுக்காரர் இல்லை. வேலைக்கு வரும் அக்காவோ டிரைவர் அண்ணனோதான். நாற்பது கிலோ நாயை அவர் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்கு மட்டும் முதலாளி போய் என்ன பயன்? யார் கையில் கயிறோ அவருக்கும் அந்த வகுப்பில் இடம் வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளமும் வேண்டும்.

இதற்காக 'எல்லோரும் வகுப்பில் சேருங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்று சொன்னால் அது விளம்பரம். பூங்காவில் கடித்த நாய் மாதிரியான நாயைக் குழு வகுப்பு திருத்தாது. ஏற்கெனவே ஆளைக் கடித்த நாய், இன்னொரு நாயைக் கண்டதும் பாயும் நாய், பயத்தில் மூலைக்குள் ஒடுங்கும் நாய், இவற்றை எட்டு நாய்களுக்கு நடுவே நிறுத்துவது கொடுமை. அவற்றுக்குத் தனியாக, கால்நடை மருத்துவரின் துணையோடு வேலை செய்ய வேண்டும். இதைத் தெரிந்தே சேர்த்துக்கொள்ளும் பயிற்சியாளர் ஃபீஸுக்காகச் சேர்க்கிறார்.

மோசமான வகுப்பு, வகுப்பே இல்லாததைவிட மோசம். கழுத்தை இறுக்கும் சங்கிலி, முள் பட்டை, காதைத் திருகுவது, 'நாய்க்கு நீங்கதான் தலைவன்னு காட்டணும் சார்' என்று தரையில் அமுக்குவது. இதெல்லாம் ஒழுக்கம் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. 2020-ல் போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்த ஆய்வில், தண்டனை கொடுத்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்கள் அதிகப் பதற்றம் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில் மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய் உறுமுவதை நிறுத்திவிடும், பயத்தை நிறுத்தாது. அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். காசு கொடுத்து இதையா வாங்குவது?

கூட்டம் சேர்ப்பதும் இன்னொரு மோசடி. ஒரு மணி நேர வகுப்பில் பதினைந்து நாய் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது நான்கு நிமிடம். ஆறு நாய் என்றால் பத்து நிமிடம். ஃபீஸ் ஒன்றே என்றாலும் வாங்கும் சரக்கு பாதிக்கும் குறைவு. 'நூறு சதம் கியாரண்டி' என்று அச்சடித்த விசிட்டிங் கார்டைக் கொடுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். உயிருள்ள பிராணிக்கு கியாரண்டி கொடுப்பவர் பொய் சொல்கிறார்.

சேரும் முன் ஒரே ஒரு காரியம் போதும். நாயை வீட்டில் விட்டுவிட்டு ஒரு வகுப்பைப் போய் வேடிக்கை பாருங்கள். கயிறு பயிற்சியாளர் கையில் இருக்கிறதா, வளர்ப்பவர் கையில் இருக்கிறதா? நாய்களின் வால் ஆடுகிறதா, காலிடுக்கில் போயிருக்கிறதா? பேச்சு நாயிடம் அதிகமா, மனிதரிடம் அதிகமா? மனிதரிடம் அதிகம் பேசுபவரே நல்ல பயிற்சியாளர். பார்க்கவே விட மாட்டேன் என்பவரிடம் சேரவே வேண்டாம்.

ஒவ்வொரு தடவை யாராவது கடிபட்டதும் ஊரில் ஒரே கூச்சல்தான்: தடை செய்! 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மே மாதம் சென்னைப் பூங்காவில் சிறுமி கடிபட்டாள். இனத்தின் பெயரை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் மறுமுனையில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு பக்கம், நாய் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடுக்க முடியாது, லிப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள், சங்கக் கூட்டத்தில் எடுத்து நீட்ட. உரிமை சரி. லிப்டில் ஏறுகிற உரிமை இருக்கிற நாய்க்கு லிப்டில் நிற்கத் தெரிய வேண்டாமா?

ஃபீஸ் கட்டுபடியாகுமா என்று நாய் வளர்ப்பவரைக் கேட்டால் ஆகாது என்றுதான் சொல்வார். அவரை விட்டுவிட்டு, அந்த வீட்டுக்குத் தினமும் காலையில் பால் பாக்கெட் போட வருபவரைக் கேட்டுப் பாருங்கள்.